கறுப்பு ஃப்ரேம்

கான்டாக்ட் லென்ஸ் கடைக்குப் புதிதாக வந்த மேனேஜர், வந்த கையோடு சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: "திங்கள் முதல் ஊழியர்கள் கண்ணாடி அணிந்து கவுன்ட்டரில் நிற்கக் கூடாது."

கவுன்ட்டரில் நிற்கும் இரண்டு பெண்களில், அக்கா என்று எல்லாரும் கூப்பிடும் பெரியவளுக்குக் கவலையில்லை; சிக்கல் கண்ணாடி போடும் சின்னவளுக்குத்தான். சாஃப்ட் லென்ஸ், ஹார்ட் லென்ஸ் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டவள் அவள். கண்ணில் ஈரம் போதாது. எதைப் போட்டாலும் மிளகாய்த்தூள் விழுந்த மாதிரி சிவந்துவிடும்.

திங்களன்று வேறு வழியில்லாமல் கண்ணாடியோடு வந்தவள், கவுன்ட்டரில் நின்ற அக்காவைப் பார்த்துத் திகைத்தாள். இத்தனை வருடத்தில் கண்ணாடியே போடாத அக்காவின் மூக்கில் தடித்த கறுப்பு ஃப்ரேம்!

"நோட்டீஸ் படிக்கலையாம்மா?" என்றார் மேனேஜர்.

"படிச்சேன் சார். இந்தக் கண்ணாடியோடதான் படிச்சேன்" என்றாள் அக்கா.

"லென்ஸ் விக்கிற நீங்களே இப்படி நின்னா எவன் வாங்குவான்?"

"லென்ஸ் ஒத்துக்காதவங்களை ஒத்துக்காதுன்னு சொல்லி அனுப்பறேன். அதனாலதான் மத்தவங்க என்னை நம்பி வாங்கறாங்க. கண்ணாடி ஆகாதுன்னா நாங்க ரெண்டு பேரும் இப்பவே கிளம்பறோம்."

மேனேஜர் முறைத்தார். அக்கா அசையவில்லை. கடைசியில் அவரே போய் நோட்டீஸைக் கிழித்தார்.

சாப்பாட்டு வேளையில், ஈரம் போதாத சின்னவளின் கண்ணிலும் தண்ணீர் கட்டியது. "உங்களுக்கும் லென்ஸ் ஒத்துக்காமப் போயிடுச்சாக்கா?"

அக்கா ஃப்ரேமைக் கழற்றி நீட்டினாள். சின்னவள் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுப் பார்த்தாள். ஒரு மண்ணும் தெரியவில்லை. பவரே இல்லாத வெறும் கண்ணாடி!

"அப்ப உங்க கண்ணு?"

"உள்ளே லென்ஸ் இருக்குடி. அது இல்லாட்டி எதிர்ல நிக்கறது ஆளா கம்பமான்னே எனக்குத் தெரியாது. அந்தாளு மூஞ்சி போன போக்கை நான் பார்க்க வேணாமா?"