ஷட்டர் பாக்கி

“பதினாலாயிரத்து முந்நூத்தி அறுபது, ஐயா. அதை மட்டும் என்னால விட முடியாது.”

சிறைச் சலவைக்கூடத்தின் சிமெண்டுத் தொட்டியில், முழங்காலளவு தண்ணீரில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் போதகர். கால்சட்டையைச் சுருட்டி விட்டிருந்தார். இன்னொருவன் கைதி. சிறையில் அவனுக்குத் தபால் என்று பேர்.

பேர் வந்த விதம் இப்படி. முன்பு அவன் ஒரு குருவிடம் சீடனாக இருந்தான். வருகிற வெள்ளிக்கிழமை சூரியன் அணைந்துவிடும், ஒரே ஒரு ஆளை மேலே அனுப்பி வைத்தால் அணையாது என்றார் குரு. இவன் வியாழக்கிழமை அனுப்பி வைத்தான். வெள்ளிக்கிழமை வழக்கம்போல விடிந்தது. ஆசிரமத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். சனிக்கிழமை போலீஸ் வந்தது.

கோர்ட்டில், “நான் கொல்லல, மேல அனுப்பி வச்சேன். குரு சொன்னார், செஞ்சேன்” என்றான். வக்கீல் எவ்வளவு கெஞ்சியும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. ஆயுள் தண்டனையோடு தபால் என்ற பேரும் ஒட்டிக்கொண்டது.

அப்பேர்ப்பட்டவன்தான் இப்போது மனம் திரும்பியிருந்தான். வேதம் படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டான். செத்தவனை நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதான். செத்தவன் மனைவிக்குத் தன் கைப்பட மன்னிப்புக் கேட்டு எழுதினான். யாரைக் கொன்றாய், எப்படிக் கொன்றாய் என்றெல்லாம் போதகர் தோண்டித் துருவவில்லை. அழுகை உண்மையாக இருந்தது, அவருக்கு அது போதும். இத்தனை வருடம் சிறைக்கு வந்து போனதில் அவருக்குக் கிடைத்த முதல் ஆள் இவன்தான்.

ஞானஸ்நானம் என்று தண்ணீரில் ஒரு முழுக்குப் போட்டால் புது மனிதன். ஆனால் இன்றைக்கே போட வேண்டும். நாளைக் காலை அவனை வேறு சிறைக்கு மாற்றுகிறார்கள். அங்கே போதகரும் இல்லை, தொட்டியும் இல்லை.

முழுக்குக்கு ஒரே நிபந்தனை, யார் மேலும் மனசில் பாக்கி வைக்கக் கூடாது. தபால் ஒவ்வொருவராக மன்னித்துக்கொண்டே வந்தான். ஏமாற்றிய குருவை மன்னித்தான். கோர்ட்டில் தூங்கி வழிந்த வக்கீலை மன்னித்தான். காட்டிக் கொடுத்த மச்சானை மன்னிக்கும்போது அவன் குரலே உடைந்துபோயிற்று. கடைசியில் சைக்கிள் கடைக்காரனிடம் வந்ததும் அசையாமல் நின்றுவிட்டான்.

“காசுக்காகச் சொல்லல ஐயா. கடைக்கு இரும்பு ஷட்டர் போடணும்னு வந்து நின்னான், குடுத்தேன். திருப்பிக் கேக்கப் போனா, என் காசுல போட்ட ஷட்டரை என் மூஞ்சிக்கு நேராவே இறக்கறான். உள்ள இருந்துக்கிட்டு ‘ஆள் இல்லை’ன்னு அவனே குரல் குடுக்கறான்.”

இந்த வாரம்தான் மாற்றலாகி வந்திருந்த வார்டர் வாசலில் கொட்டாவி விட்டார். அவருக்குப் பின்னால் நான்கு கைதிகள் அழுக்குப் போர்வை மூட்டைகளோடு காத்திருந்தார்கள்.

“உலகத்தையே காப்பாத்தின மகான் ஒரு ஷட்டருக்கு அழறாரு பாருங்க” என்றார் வார்டர். “சீக்கிரம் ஐயா. பெல் அடிச்சா போர்வைய ஊறப் போட்டாகணும்.”

தபால் கொஞ்சம் இறங்கி வந்தான். “சரி, வட்டிய விட்டுடறேன்.”

“அசலையும் விடணும்பா.”

“பாதி?”

“இது என்ன மீன் கடையா, தம்பி? முழுசா விடணும். பாவம், அவருக்கு அப்ப வசதி இல்லையோ என்னவோ.”

“வசதியெல்லாம் இருந்துச்சு. மனசுதான் இல்ல. கடைசியாப் போனப்பகூட நல்லவிதமாத்தான் கேட்டேன். பேயறைஞ்ச மாதிரி முழிச்சானே தவிர, பதிலைக் காணோம்.”

“இப்ப எங்க இருக்காரு?”

“தூரமாப் போயிட்டான்.”

போதகருக்குக் கால் விறைத்துப்போயிற்று. சலவைச் சோடா வேறு அரித்தது. கடைசி முயற்சியாக அவன் தோளில் கை வைத்தார்.

“இங்க பாரு தம்பி. நீ என்னைக்காவது மேல போவே. அவரும் அங்க இருப்பார். பக்கத்துல பக்கத்துல உக்காரணும். கடன்காரனா அவரைப் பாத்துக்கிட்டு எவ்வளவு காலம் உக்காருவே? அங்க காலத்துக்கு முடிவே கிடையாதே.”

தபாலின் முகம் வெளுத்தது. “அங்கயும் அவன் இருப்பானா?”

“கண்டிப்பா இருப்பார்.”

“என்கிட்ட பேசுவானா, ஐயா?”

“நீ பாக்கிய விட்டாத்தானே பேச முடியும்?”

தபால் ஈர விரல்களை மடக்கி இன்னொரு தடவை கணக்குப் பார்த்தான். கடைசியில் பெருமூச்சு விட்டான்.

“சரி ஐயா. அசல், வட்டி எல்லாம் தள்ளுபடி.”

சொல்லி முடிப்பதற்குள் போதகர் அவன் தலையைப் பிடித்து அமுக்கினார். எழுந்தபோது தாடியில் நுரை. மூட்டைக்காரர்கள் கைதட்டினார்கள். பெல் அடித்தது.

போதகருக்குக் கண் கலங்கியிருந்தது. “ரொம்பப் பெரிய மனசு தம்பி. இதை நானே அந்தக் கடைக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். இனிமேலாவது மனுஷன் நிம்மதியாத் தூங்கட்டும். விலாசம் சொல்லு.”

தபால் தாடியைப் பிழிந்துகொண்டே சொன்னான்.

“அவன்தான் மேல இருக்கானே, ஐயா. ஒருத்தனை அனுப்புன்னுதான் குரு சொன்னார், யாரைன்னு சொல்லல. மூணு நாளா யோசிச்சும் எனக்கு யாருமே தோணல. வியாழக்கிழமை காலையில பஸ்ஸுக்குப் போறப்ப அந்த ஷட்டர் கண்ணுல பட்டுச்சு.”