பாக்டீரியாவுக்குக் கொடுக்காத குடம்

"அதையும் கொடு ஜெயா. ஓட்டைக் குடத்தை வெச்சு என்ன பண்ணப்போற?"

பரணிலிருந்து இறங்கிய நீலப் பிளாஸ்டிக் குடத்தை ஜெயசித்ரா இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

அவள் கணவர் தமிழ்மாறன் பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் பேராசிரியர். குப்பைமேட்டு மண்ணில் பிரித்தெடுத்த பாக்டீரியா பிளாஸ்டிக்கைத் தின்னுமா என்று பார்க்க, பழைய சாமான் தேடி வீட்டையே புரட்டிக்கொண்டிருந்தார்.

"டப்பா, செருப்பு எல்லாம் எடுத்துக்குங்க. உங்க பூச்சிக்கு இது மட்டும் கிடையாது."

"அம்மா வூட்டுச் சாமான்னா குண்டூசியக்கூட விடமாட்டியே."

"இது எங்கம்மா வூட்டுதுன்னு யாரு சொன்னா? அடியைத் திருப்பிப் பாருங்க."

திருப்பினார். சூட்டுக்கம்பியால் இழுத்த 'ஆ' என்ற எழுத்து. அவருடைய அம்மா ஆண்டாயி வைத்த அடையாளம்.

கல்யாணத்துக்கு முன்பு, உடையார்பாளையம் தெருக்குழாயடியில் வரிசை போட்டிருந்த இந்தக் குடம் காணாமல் போனதும், அம்மாவின் ஏச்சு தாங்காமல் அவர் வீடு வீடாகக் கேட்டு அலைந்தார். ஜெயசித்ரா வீட்டு வாசலை முதன்முதலாக மிதித்ததும் அன்றுதான்.

"எங்க வூட்டுல இல்லைன்னு சொன்னியே. தேடிப் பாத்தியா, தேடிப் பாத்தியான்னு தெனம் வந்து கேட்டேனே."

ஜெயசித்ரா முந்தானையால் குடத்துத் தூசியைத் துடைத்தாள்.

"இருக்குன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே தூக்கிக்கிட்டுப் போயிருப்பீங்க. மறுநாள் எதைக் கேட்டு வருவீங்க?"

குடம் மறுபடி பரணேறியது. பாக்டீரியாவுக்கு அன்று அவருடைய குளியல் வாளி போனது.