வார்சாவா, மாஸ்கோவா?

"மாஸ்கோ பதிவா? அதுல கேக்கறது பியானோ இல்ல ஒடிலா, மரம் அறுக்கற சத்தம்!"

கோட்டைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார் டான் அன்செல்மோ. எழுபத்தெட்டு வயது, அதனால் பெயருக்கு முன் மரியாதைக்கு ஒரு 'டான்'. மான்டிவிடியோ துறைமுகச் சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"வந்ததும் வராததுமா சண்டையா? முதல்ல உக்காருங்க," என்று சிரித்தாள் ஒடிலா. மருந்துக்கடை நடத்திய கை. மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையில் வெந்நீரை அளந்து ஊற்றி நீட்டினாள்.

நெலிடாவின் மூன்றாவது மாடி வீட்டில் இருபது வருடங்களாக நடக்கும் சனிக்கிழமைக் கூட்டம் இது. மொத்தமே நான்கு பேர். எல்லோருக்கும் உயிர் கான்செர்ட்டோ என்ற வகையைச் சேர்ந்த ஒரே ஒரு பியானோ இசைக்கோவை. அதை யார் யாரோ வாசித்த பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்துக் கேட்பார்கள். எது உசத்தி என்று வருடத்துக்கு ஒரு முறை வாக்கெடுப்பு. அது இன்றைக்குத்தான்.

அழைப்பு மணி அடித்தது. நெலிடா ஓடிப்போய்க் கதவைத் திறந்து, வந்த பாவுதிஸ்தாவை நேரே சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்ன, பன்னு தீர்ந்துபோச்சா?"

அவள் அவர் காதில் ஏதோ சொன்னாள். பாவுதிஸ்தாவின் சிரிப்பு அடங்கியது.

"ஒடிலாவுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். டான் அன்செல்மோவை இன்னிக்கு வேண்டாம்னு சொல்லி அனுப்பிடட்டுமா?"

"அனுப்பிட்டு? போன வாரம் மழைன்னு வரல. அதுக்கு முந்தின வாரம் முழங்கால் வலின்னு வரல. இன்னிக்கும் திருப்பி அனுப்பினா அவர் அப்புறம் வரவே மாட்டார் நெலிடா." பாவுதிஸ்தா தட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்துக்கொண்டார். "நீ பாட்டுக்கு இசைத்தட்டைப் போடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

நெலிடா கூடத்துக்கு வந்தாள். முதல் தட்டை உறையிலிருந்து எடுத்தாள். வார்சா பதிவு. ஊசியை மெதுவாக இறக்கினாள். தட்டு சுழன்றது.

நால்வரும் கண்ணை மூடினார்கள். பாவுதிஸ்தாவின் விரல் முழங்காலில் தாளம் போட்டது. அறையில் அப்படியொரு அமைதி. கீழே தெருமுனையில் பேருந்து நின்று கிளம்பியதுகூடக் கேட்டது. நெலிடா ஓரக்கண்ணைத் திறந்து டான் அன்செல்மோவைப் பார்த்தாள். ஸ்பீக்கர்மேல் கை வைத்திருந்த அவர் முகம் கனிந்திருந்தது.

ஊசி கடைசி வட்டத்துக்கு வந்ததும் பாவுதிஸ்தா அவருக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"யோவ் அன்செல்மோ, இதுவாய்யா உங்க வார்சா? ரெண்டாம் பகுதியில மனுஷன் தூங்கிட்டான்!"

"தூங்கலய்யா, யோசிக்கறான். ஒவ்வொரு ஸ்வரத்தையும் கையில எடுத்துப் பாத்துட்டு வைக்கறான். ஒடிலா, நீ சொல்லு."

"நீங்க சொல்றதுதான் சரி, டான் அன்செல்மோ."

அவர் புருவத்தை உயர்த்தினார். "என்ன, உடனே ஒத்துக்கிட்டே? நீ போயி உன் புவனோஸ் ஐரிஸ் பதிவை விட்டுக்குடுப்பியா?"

ஒடிலாவின் முகம் சிவந்தது. பாவுதிஸ்தா இடையில் புகுந்தார்.

"அந்தப் பதிவை அதுல வாசிச்சவனோட அம்மாகூட ரெண்டாம் தடவை கேக்க மாட்டா! அந்த ஊர்க்காரன் கான்செர்ட்டோவா வாசிக்கறான்? எனக்குக் கை தட்டுங்கன்னு கெஞ்சறான்."

"வாயை மூடுங்க பாவுதிஸ்தா!" ஒடிலாவுக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "உங்க மாஸ்கோக்காரனுக்கு ஒண்ணு ஓட்டம், இல்லன்னா இடி. அழத் தெரியுமா அவனுக்கு?"

நெலிடாவுக்கு மூச்சு வந்தது. இரண்டாவதாக ஒடிலாவின் தட்டும், மூன்றாவதாக மாஸ்கோவும் சுழன்றன. ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் சண்டை முந்தையதைவிடச் சூடாக நடந்தது. மாத்தேக் குடுவை நான்கு சுற்று வந்தது. டான் அன்செல்மோ ஒரு கட்டத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

வாக்கெடுப்பு வந்தது. நெலிடாவின் வாக்கு எப்போதும்போல வார்சாவுக்கு. ஒடிலா புவனோஸ் ஐரிஸ். பாவுதிஸ்தா மாஸ்கோ.

"உங்களுது தெரிஞ்சதுதானே," என்று வார்சாவுக்கு இன்னொரு கோடு போடப் போனாள் நெலிடா.

"இரு. என்னோடது இந்தத் தடவை மாஸ்கோவுக்கு," என்றார் டான் அன்செல்மோ.

மூவரும் அவரைப் பார்த்தார்கள்.

"நிஜமாத்தான். அவன் இவ்வளவு மென்மையா வாசிச்சு நான் கேட்டதே இல்ல."

பாவுதிஸ்தாவுக்கு இருபது வருடம் கழித்துக் கிடைத்த வெற்றி. ஆனால் ஜெயித்தவர் முகமாக அது இல்லை. "பரவாயில்ல, வயசானப்புறமாவது புத்தி வந்துச்சே," என்று சொல்லிவிட்டு பாவுதிஸ்தா வேகமாகத் தொப்பியை எடுத்துக்கொண்டு ஒடிலாவோடு கீழே இறங்கிப் போனார்.

டான் அன்செல்மோ நிதானமாகக் கோட்டுப் பொத்தான்களைப் போட்டார். வாசல்வரை வந்த நெலிடாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெலிடா, அடுத்த சனிக்கிழமைக்குள்ள ஆம்ப்ளிஃபயரை ரிப்பேருக்குக் குடுத்துடு."

அவள் திடுக்கிட்டாள். "உங்களுக்கு எப்படி...?"

"ஸ்பீக்கர் மேலயே கை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு தடவைகூட அதிரல. என் காது செத்து ரெண்டு வருஷமாச்சு, நான் உதட்டைப் பாத்து எப்படியோ சமாளிச்சுக்குவேன். பாவம், காது நல்லா கேக்கற நீங்க மூணு பேரும் எனக்காக மூணு தட்டையும் சத்தமே இல்லாம கேட்டுட்டு, இப்படியாம்மா சண்டை போடறது!"