வௌவால் மரத்தடியில்

சித்திரை வெயில் ஐம்பது டிகிரியைத் தொட்டதும் தெரு முழுக்கக் கரண்ட் போனது. மருதமரத்து வௌவால்களுக்கு மட்டும் நீர்த்தூவல் நிற்கக்கூடாது என்பது சட்டம். அதைத் தனி பேட்டரியில் இயக்கும் வேலை கோமளாவுக்கு.

நாற்றம் தாங்கவில்லை, மரத்தை வெட்டுங்கள் என்று மனு கொடுத்திருந்த பக்கத்து வீட்டு ஜெசிந்தா, துவண்டுபோன கைக்குழந்தையோடு வேலியருகே வந்து நின்றாள்.

"உள்ளே வரலாமாக்கா?"

"சத்தம் போடாம வா." கோமளா கேட்டைத் திறந்து, எச்சம் விழாமல் குடை பிடித்தாள்.

சாரல் பட்டதும் குழந்தை கண் விழித்துச் சிணுங்கியது. முந்தானையால் விசிறியபடியே ஜெசிந்தா அண்ணாந்து பார்த்தாள். கிளையில் ஒரு தாய் வௌவால், குட்டியை மார்போடு அணைத்து இறக்கையால் விசிறிக்கொண்டிருந்தது.

"அக்கா, அதுவும் விசிறுது பாருங்களேன்!"

"அதுக்கும் கைப்பிள்ளைதானே" என்ற கோமளா, தெருவில் தயங்கி நின்றவர்களையும் கைகாட்டி அழைத்தாள்.