சக்கரத்தின் சத்தம்

"ஏனுங்க தம்பி, போன வாரம் சர்வீஸ் பண்ணுனதுலருந்து சக்கரத்தைச் சுத்துனா டிக்டிக்குன்னு சத்தமே வரலீங்க." மகனின் கியர் சைக்கிளைக் கடைக்குள் தள்ளி வந்தார் அங்காளம்மாள்.

மெக்கானிக் பயாஸ் சிரித்தான். "பின்சக்கரத்துல அந்தச் சத்தம் போடற ப்ரீவீலுக்கு நல்லா கிரீஸ் வெச்சிருக்கேங்கம்மா. சத்தமில்லாம ஓடுனாத்தான் நல்ல சர்வீஸ். ஓட்டிப் பாத்தா உங்க பையனே சந்தோஷப்படுவான்."

"அந்தக் கிரீஸை எடுத்துருங்க சாமி."

"எதுக்குங்கம்மா?"

"கொல்லிமலையில விழுந்ததுலருந்து அவன் படுத்த படுக்கைங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கண்ணைத் தொறக்கறதில்ல. கட்டில்கிட்ட நிறுத்தி இந்தச் சக்கரத்தைச் சுத்துனா மட்டும் வெரல் அசையும்."

பயாஸ் ஸ்பேனரை எடுத்தான்.

"ஒரு வாரமாச் சுத்தறேன். அசையல தம்பி."