மீன் விடாத தொட்டி

வேல்குமார் குளிக்கப் போன நேரம் பார்த்து, தரணி ஓர் இறால் துண்டைக் கண்ணாடித் தொட்டிக்குள் போட்டாள். அது பாறைக்குப் பின்னால் விழுந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டாள்.

தொட்டியில் உப்புத் தண்ணீரும், கடைக்காரர் அடுக்கிவிட்டுப் போன உயிர்ப்பாறைகளும் மட்டும்தான். பாறையில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, தண்ணீரிலுள்ள அம்மோனியாவைத் தின்று தீர்க்க வேண்டும். அதற்கு முன்னால் மீன் விட்டால் செத்துப்போகும்.

ஈரத் தலையோடு வந்த வேல்குமார், சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். மஞ்சள் என்றால் மீன் விடலாம். பச்சை என்றால் அம்மோனியா. சாயப்பட்டறை லேபில் பத்து வருசமாக ஷேடு பார்க்கிறவன் அவன். இம்மி வித்தியாசமும் கண்ணுக்குத் தப்பாது.

"பச்சை. ஏழு வாரமாச்சு. உள்ள ஏதாச்சும் அழுகுதா பாருங்கங்கறாரு கடைக்காரரு."

"உள்ள என்னங்க இருக்குது? வெறுங்கல்லுதானுங்க," என்றாள், அடுப்பை விட்டுத் திரும்பாமல்.

அந்தத் தொட்டி மகள் நிலானி கேட்டது. ஆரஞ்சு மீன் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவள், போன ஐப்பசியில் டெங்கு காய்ச்சலில் போய்விட்டாள். ஆறு வயசு.

முதல் நாளே ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை என்று ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டு, கடைசியில் வீட்டில் பேச்சே நின்றுபோனது.

"பாப்பா கேட்டத மட்டும் செஞ்சு வெச்சர்றேன் தரணி," என்று ஒருநாள் அவன்தான் சொன்னான். "மீன் விட்ட அன்னிக்கு நான் சாமளாபுரம் எங்கம்மா ஊட்டுக்குப் போயர்றேன். மூஞ்சியப் பாத்தாலே ரெண்டு பேருக்கும் அவ ஞாபகந்தான் வருது."

"சரிங்க," என்று வீம்புக்குச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் இறால்.

ஞாயிற்றுக்கிழமை, தொட்டியின் முன்னால் அவன் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள்.

"அவளுக்குன்னு கடைசியாச் செய்யறது. இதுகூட எனக்கு வர மாட்டேங்குது," என்று கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

அவளால் தாங்க முடியவில்லை. அவன் கடைக்குப் போனதும், பாறைக்குப் பின்னாலிருந்த மிச்சத்தையெல்லாம் எடுத்து வெளியே கொட்டினாள். மறுநாளிலிருந்து எதுவும் போடவில்லை.

ஆறாம் நாள் காலை. அவன் குழாயை வெளிச்சத்தில் பிடித்தபோது அவள் பின்னாலேயே நின்றிருந்தாள். எலுமிச்சை மஞ்சள். பச்சை துளிகூட இல்லை.

பீரோ மேல் அவன் பை கட்டி வைத்தபடி இருந்தது.

வேல்குமார் வெகுநேரம் குழாயையே பார்த்தான். பிறகு தண்ணீரைக் கீழே ஊற்றி, குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

"இன்னும் பச்சைதான் தரணி."