கோட்டின் மேல் கோடு

“இதுவும் வேண்டாம்” என்று என் மனைவி நான்காவது சாஃப்ட்வேரையும் மூடினாள்.

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய, ஒன்றும் தெரியாதவர்களுக்கும் சுலபமாக இருக்கும் சாஃப்ட்வேர் எது என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தோம். ஒன்றும் தெரியாதவர் என்ற தகுதி எங்கள் வீட்டில் எனக்குப் பரிபூரணமாக உண்டு.

நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்குத் தெரிந்த சங்கீதம், கதவு திறக்கும்போது வரும் ‘டிங்’. அதையும் சுருதி பிசகாமல் பாட வராது.

அவள் சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறவள். ஒத்திகைக் கூடத்தின் கூரை ஒழுகுகிறது. அதனால் இந்தத் தடவை அவரவர் வீட்டில் பாடிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

பாட்டின் நடுவே ஒரு குரல் மட்டும் தனியாகப் பாடும் இரண்டு வரி எப்போதும் அவளுடையது. காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து அவள் குழுப் பக்கமே போகவில்லை. இன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் அந்த இரண்டு வரியும் கைமாறிவிடும்.

ஒவ்வொரு சாஃப்ட்வேரின் அருமை பெருமையையும் நான் எடுத்துச் சொன்னேன். இதில் நூறு வாத்தியம் இருக்கிறது. இதில் பாடினால் குகைக்குள் பாடுவது போலக் கேட்கும்.

நான் பேசும்போதெல்லாம் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும், புருஷன் வாயைத் திறந்தால் கண்ணெடுக்காமல் பார்க்கிற மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பார்த்துவிட்டுத்தான் “வேண்டாம்” என்றாள்.

ஐந்தாவதில் வாத்தியமும் கிடையாது, குகையும் கிடையாது. பாடுகிற குரல் திரையில் ஒரு கோடாக ஓடும். குரல் உயர்ந்தால் கோடு ஏறும். சத்தம் கூடினால் தடிக்கும். அவ்வளவுதான் அதன் வித்தை.

மாஸ்டர் மாதிரிக்குப் பாடி அனுப்பியதை அதில் போட்டோம். நீலக் கோடு ஒன்று மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போனது. அதன் மேலேயே நாம் பாடப் பாட ஓர் ஆரஞ்சுக் கோடு.

அவள் முகம் மலர்ந்தது. “இதுதான்.”

“துணிக்கடையில கலர் பாத்து எடுக்கற மாதிரி எடுக்கறியே” என்றேன்.

“உங்களையும் அப்படிப் பாத்து எடுத்திருக்கலாம். அப்ப தோணல” என்றாள்.

ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டாள். தெருவில் ஹாரன் அடித்தாலோ நாய் குரைத்தாலோ அவள் பார்க்கும்படி கையைத் தூக்குவது என் வேலை. லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டபோதுகூட இத்தனை பொறுப்பாக நான் நின்றதில்லை.

அவள் கழுத்தெலும்பில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி வாயைத் திறந்தாள்.

ஆரஞ்சுக் கோடு நீலக் கோட்டைத் தேடிப் போனது. முதலில் ஒரு நூல் கீழே. அவள் புருவத்தைத் தூக்கினாள், கோடும் தூக்கியது. பிறகு ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து, நீலம் இருந்த இடமே தெரியவில்லை.

லிஃப்ட் வந்து நின்றால் அதன் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஒரு விரற்கடை தவறினாலும் யாராவது தடுக்கி விழுவார்கள். அந்த மட்டத்துக்காக நான் ஸ்பேனரோடு அரை நாள் மல்லுக்கட்டுவேன். இவள் வெறும் மூச்சாலேயே கொண்டுவந்து நிறுத்தினாள்.

வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிளந்த வாய் சும்மா இருக்குமா? தும்மல் வந்துவிட்டது.

சாதாரணத் தும்மல் இல்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் திரும்பவே இல்லை, கடைசிவரை பாடி முடித்தாள். தப்பித்தோம் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அவள் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். இரண்டாவது வரியின் நடுவில், கோட்டைக் குத்திக்கொண்டு தடியாக ஒரு முள் நின்றது.

அதன் மேல் விரலை வைத்தாள். “இது நான் இல்ல. தும்மினீங்களா?”

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன்.

மறுபடி பாடினாள். இந்த முறை நான் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். முள் இல்லாத கோட்டை அனுப்பி வைத்தோம்.

பதில் வரும்வரை அவளால் சும்மா உட்கார முடியவில்லை. அந்த இரண்டு வரியையே திரும்பத் திரும்பப் பாடித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் மங்குவதற்குள் பதில் வந்தது. எழுதுவதற்குச் சோம்பல்பட்டு, மாஸ்டர் பேசி அனுப்பியிருந்தார்.

அவள் போனை என்னிடம் நீட்டினாள். “என்ன சொல்றார்?”

கேட்டேன். போனைக் கீழே வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். உதட்டை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

“அந்த ரெண்டு வரி... உங்களுக்குத்தான். நம்ம குழுவிலயே... நல்ல காது... உங்களுக்குத்தான்.”

அந்தக் காய்ச்சல் போகும்போது கையோடு எதை எடுத்துக்கொண்டு போனது என்று மாஸ்டரிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

அவள் கண் என் வாயை விட்டு நகரவில்லை. “கடைசில என்ன? இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

பதிவை நிறுத்த மறந்திருந்தோம். திரையில் ஆரஞ்சுக் கோடு கயிறு மாதிரி தடித்து, குதித்துக் குதித்து ஏறியது. அதைத் திரும்பிப் பார்த்த பிறகுதான், தான் எவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.